எத்தனை கிராம் நிறுக்க வேண்டும்? மோலார் செறிவுக் கணக்கும் தமிழ்ச் சொற்களும்

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயர் சமநிலம் எனப் பொருள்படும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், சரிவுகளுக்கு நடுவே சற்றே சமமாக அமைந்த இவ்வூரைச் சூழ்ந்த மலைகளில் தேயிலை நிரை நிரையாக வளர்கிறது. வில்லியம் கேமரன் 1885இல் நிலவளவை செய்த இம்மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். கொழுந்து பறிக்கவும் ஆலையில் உழைக்கவும் வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுள் பலர் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் பயில்கின்றனர்.

அதன்பின் மொழி மாறுகிறது. இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்தை எட்டி வேதியியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரு வினாவைச் சந்திக்கிறார். இன்ன செறிவுடைய கரைசலை இத்தனை மில்லிலிட்டர் ஆக்குவதற்கு எத்தனை கிராம் பொருள் வேண்டும் என்பதே அவ்வினா. விடை காண்பதற்கு வேண்டிய கணிதம் இரண்டு பெருக்கல்கள் மட்டுமே. அவற்றை அம்மாணவர் நான்காம் ஆண்டிலேயே கற்றுவிட்டார். ஆயினும் விடை பிழைபடுகிறது. விடைத்தாளில் பிழைத்தால் மதிப்பெண் குறையும். தோட்டக் கிடங்கில் மருந்து கலக்குமிடத்தில் பிழைத்தால் இலை கருகும். மிகுதி ஓடையில் கலக்கும்.

இப்பிழைகளுள் பெரும்பாலானவை எண்ணில் பிறப்பவை அல்ல, சொல்லில் பிறப்பவை. எந்தப் பொருளை நிறுக்கிறோம், எதன் அளவை லிட்டரில் கூறுகிறோம் என்னும் இரண்டையும் மொழி தெளிவாகச் சொல்லாதபோது, பெருக்கல் எவ்வளவு சரியாக இருப்பினும் பயனில்லை. மொழியை ஆராயும் மன்றம் ஒன்று வேதியியற் கணக்கைப் பொதுவுரையின் பொருளாக எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணமாகும். இவ்வுரையில் நாம் கணக்கை முதலிலிருந்து விளக்கி, சொல் எங்கெங்கு அதனைத் தாங்குகிறது, எங்கெங்கு கைவிடுகிறது என்பதைக் காண்போம்.

பயன்படுத்தும் சொற்கள்

சீனி கலந்த தேநீரை எண்ணிப் பார்ப்போம். கரையும் சீனி கரைபொருள். கரைக்கும் நீர் கரைப்பான். இரண்டும் ஒன்றிய பின் கிடைப்பது கரைசல். இம்மூன்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் சொற்கள். இலங்கைப் பாடநூல்கள் கரைபொருளைக் கரையம் என்கின்றன. மலாய்ப் பாடநூல்களில் கரைசல் ‘லாருத்தான்’ எனவும், கரைப்பான் ‘பெலாருட்’ எனவும் வழங்கும். இரண்டும் ‘லாருட்’ என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் கரை என்னும் வினையிலிருந்து கரைசலும் கரைப்பானும் கிளைத்தது போன்றதே இது. தமிழில் அறிந்த மாணவருக்கு இவ்வொப்புமையை எடுத்துக்காட்டினால், புதிய மொழியின் சொல் அயலாகத் தோன்றாது.

அளவைச் சொற்களில் வேறுபாடு சற்று மிகுதி. ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவை மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பொருண்மை என்கிறோம். தமிழ்நாட்டில் அது நிறை, இலங்கையில் திணிவு, மலாயில் ‘ஜிசிம்’. திரவம் அடைக்கும் இடத்தின் அளவை நாம் கொள்ளளவு என்போம். தமிழ்நாட்டார் கனஅளவு என்பர். இலங்கையார் கனவளவு என்பர். மலாயில் ‘இசி பாடு’. இவ்வுரை முழுவதிலும் நம் பள்ளிகளில் வழங்கும் பொருண்மை, கொள்ளளவு ஆகிய சொற்களையே கையாள்வோம். கிராமும் லிட்டரும் எல்லா இடத்தும் ஒன்றே.

எடையால் எண்ணுதல்

பறித்த கொழுந்தைத் தோட்டத்தில் எவரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, நிறுத்தே கணக்கிடுவர். எனினும் எண்ணிக்கை வேண்டுமாயின் அதற்கும் வழி உண்டு. நூறு கொழுந்துகளை எண்ணி நிறுத்து, அவை 60 கிராம் இருந்தன எனக் கொள்வோம். அப்படியாயின் 30 கிலோகிராம் கொழுந்தில் 50,000 கொழுந்துகள் உள்ளன. ஒரு சிறு தொகுதியின் பொருண்மை தெரிந்தால், எடையைக் கொண்டே எண்ணிக்கையை அறிந்துவிடலாம்.

வேதியியலும் இவ்வழியையே பின்பற்றுகிறது. அணுக்களும் மூலக்கூறுகளும் எண்ணிக்கையின்படியே ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. நம் கையிலோ தராசு மட்டுமே உள்ளது. ஆதலின் எண்ணுவதற்கு ஒரு பெருந்தொகுதியை வகுத்துக்கொண்டனர். அதுவே மோல். 1971இல் மோல் அனைத்துலக அலகு முறையில் சேர்க்கப்பட்டபோது, 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை எனக் கார்பனைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. 2019 மே 20 முதல், 6.02214076 × 10²³ துகள்களைக் கொண்ட அளவு ஒரு மோல் என நேரடியாகவே வரையறுக்கப்பட்டுள்ளது. இலங்கைத் தமிழில் இதனை மூல் என்பர்.

ஒரு மோல் பொருளின் பொருண்மை, அதன் மோலார் பொருண்மை ஆகும். மேற்சொன்ன உவமையில் நூறு கொழுந்தின் எடைக்கு நிகரானது இது. தனிம அட்டவணையில் உள்ள அணுப் பொருண்மைகளை, மூலக்கூற்று வாய்பாட்டிற்கேற்பக் கூட்டினால் இது கிடைக்கும். நீரின் மோலார் பொருண்மை 18.015 கிராம், சீனியின் மோலார் பொருண்மை 342.30 கிராம்.

இனி மோலார் செறிவு. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் உள்ளது என்பதே மோலார் செறிவு. லிட்டருக்கு மோல் என்பது அதன் அலகு. மலாயில் இது ‘கெமொலாரான்’. தமிழ்நாட்டு நூல்களில் மோலாரிட்டி என்றும் எழுதுவர். ஆயின் மோலாலிட்டி என்னும் வேறோர் அளவும் உண்டு. அது ஒரு கிலோகிராம் கரைப்பானில் உள்ள மோல் எண்ணிக்கையைக் குறிக்கும். ரகரமும் லகரமும் மட்டுமே வேறுபடும் இவ்விரு சொற்களும் செவிக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால், மோலார் செறிவு என்றே எழுதுவதும் சொல்வதும் நன்று.

இரண்டு பெருக்கல்கள்

வேண்டிய பொருண்மையைக் காணும் முறை இது:

கரைபொருளின் மோல் எண்ணிக்கை = மோலார் செறிவு × கரைசலின் கொள்ளளவு (லிட்டரில்)

வேண்டிய பொருண்மை = மோல் எண்ணிக்கை × மோலார் பொருண்மை

முதற்பெருக்கல் எத்தனை துகள் தொகுதிகள் வேண்டும் என்பதைத் தருகிறது. இரண்டாம் பெருக்கல் அத்தொகுதிகள் தராசில் எத்தனை கிராம் காட்டும் என்பதைத் தருகிறது. இரண்டையும் ஒரே வாய்பாடாகச் சேர்த்து மனப்பாடம் செய்வோர் பலர். தொடக்கநிலை மாணவர் இரண்டு அடிகளாகவே செய்வது நலம். ஏனெனில் எங்கு பிழைத்தோம் என்பதைப் பின்னர்க் கண்டுகொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. லிட்டருக்கு 0.50 மோல் செறிவுடைய சீனிக் கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டும். 250 மில்லிலிட்டர் என்பது 0.250 லிட்டர். 0.50 × 0.250 = 0.125 மோல். 0.125 × 342.30 = 42.79 கிராம். இவ்வளவு சீனியை நிறுக்க வேண்டும்.

இங்கு மாணவர் இழைக்கும் முதற்பிழை, மில்லிலிட்டரை லிட்டராக மாற்றாமல் பெருக்குவது. அவ்வாறு செய்தால் 42,787 கிராம், அதாவது ஏறத்தாழ 43 கிலோகிராம் சீனி வரும். கால் லிட்டர்க் குடுவையில் ஒரு மூட்டைச் சீனி அடங்குமா என்று ஒரு நொடி எண்ணினால் பிழை தானே வெளிப்படும். விடையை எழுதியவுடன் அதனைக் கண்முன் நிறுத்திப் பார்ப்பது கணக்கின் ஒரு பகுதியே.

நீரிலா, கரைசலிலா?

இரண்டாம் பிழை நுட்பமானது. லிட்டருக்கு 1 மோல் செறிவுடைய சீனிக் கரைசல் ஒரு லிட்டர் வேண்டும் எனின், 342.30 கிராம் சீனி தேவை. இதனை ஆக்கும் முறையை விளக்குவோர் பலர், ‘ஒரு லிட்டர் நீரில் 342.30 கிராம் சீனியைக் கரைக்கவும்’ என்று கூறிவிடுகின்றனர். சொல் இயல்பாகவே தோன்றுகிறது. வேதியியல் அதனை ஏற்பதில்லை.

சீனியும் இடத்தை அடைக்கும். ஒரு லிட்டர் நீரில் அவ்வளவு சீனியைக் கரைத்தால் கிடைக்கும் கரைசல் ஏறத்தாழ 1.2 லிட்டர் ஆகிவிடும். ஒரு மோல் சீனி 1.2 லிட்டரில் பரவியிருப்பதால் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.83 மோல் மட்டுமே. நிறுத்ததில் பிழையில்லை, பெருக்கியதில் பிழையில்லை, ‘நீரில்’ என்ற சொல்லில் பிழை.

சரியான கூற்று இது: 342.30 கிராம் சீனியை ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் கரைத்து, கரைசலின் கொள்ளளவு ஒரு லிட்டர் ஆகுமாறு மேலும் நீர் சேர்க்கவும். முன்னைய கூற்றில் ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபு ஒரு லிட்டரை நீரோடு சேர்த்தது. பின்னைய கூற்றில் ‘ஆகுமாறு’ என்னும் சொல் அந்த ஒரு லிட்டரைக் கரைசலுக்கு உரியதாக்குகிறது. வேற்றுமை உருபு ஒன்று செறிவை ஆறில் ஒரு பங்கு குறைத்துவிடக்கூடும் என்பதை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரும் மாணவருக்குக் காட்டலாம்.

சீனியில் இவ்வேறுபாடு பெரிது. மிக நீர்த்த உப்புக் கரைசல்களில் இது மிகச் சிறிது. ஆதலால் பலர் கண்களுக்கு இது தப்பிவிடுகிறது. சிறிதாக இருக்கும்போதே சரியாகச் சொல்லப் பழகினால்தான் பெரிதாக இருக்கும்போது கை தவறாது.

மயில்துத்தத்தில் உறையும் நீர்

மூன்றாம் பிழை பொருளின் பெயரைச் சார்ந்தது. மழைநாளில் பறித்த கொழுந்தின் எடையில் இலையின் மேல் நின்ற நீரின் எடையும் சேர்ந்திருக்கும். நிறுக்குமிடத்தில் ஈரத்திற்கெனக் கழிப்பது பற்றித் தேயிலை நாடுகளில் எழும் வழக்கு பழையது. தராசு கொழுந்தையும் நீரையும் பிரித்துக் காட்டுவதில்லை என்பதே அவ்வழக்கின் வேர்.

பல உப்புகளின் படிகங்களிலும் இவ்வாறே நீர் உண்டு. ஆயின் கொழுந்தின் ஈரம் நாளுக்கு நாள் மாறும். படிகத்தின் நீர் மூலக்கூற்றுக்கு இத்தனை என வரையறைப்பட்டது. செப்பு சல்பேட்டின் நீலப் படிகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு வாய்பாட்டு அலகிலும் ஒரு செப்பு அணு, ஒரு கந்தக அணு, நான்கு ஆக்சிஜன் அணுக்கள் ஆகியவற்றோடு ஐந்து நீர் மூலக்கூறுகளும் உள்ளன. நீரற்ற பகுதியின் மோலார் பொருண்மை 159.60 கிராம். ஐந்து மோல் நீரின் பொருண்மை 90.08 கிராம். இரண்டும் சேர்ந்து 249.68 கிராம். படிகத்தின் பொருண்மையில் நூற்றுக்கு 36 பங்கு நீர்!

இப்படிகத்தைச் சோதனைக்குழாயில் இட்டுச் சூடாக்கினால் நீர் ஆவியாகி வெளியேறும். நீலம் மறைந்து வெண்தூள் எஞ்சும். ஆறியபின் ஒரு துளி நீர் விட்டால் நீலம் மீளும். அந்நீலம் நீரோடு சேர்ந்திருக்கும் செப்பிற்கே உரியது.

இப்பொருளுக்குத் தமிழில் பழம்பெயர் ஒன்று உண்டு. சித்த மருத்துவத்தில் இதனை மயில்துத்தம் என்பர். மயிலின் கழுத்து நிறத்தை ஒத்த நீலத்தால் பெற்ற பெயர் அது. வெண்தூளை எவரும் மயில்துத்தம் எனார். எனவே மயில்துத்தம் என்னும் பெயர், நீரோடு கூடிய படிகத்தை மட்டுமே குறிக்கிறது. செப்பு சல்பேட்டு என்னும் புதுப்பெயரோ நீரற்ற வெண்தூளுக்கும் நீலப் படிகத்திற்கும் பொதுவாக நிற்கிறது. பழஞ்சொல் அறிவியலுக்கு ஒவ்வாதது என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். எதனை நிறுக்கிறோம் என்னும் கேள்விக்கு, இங்குப் பழஞ்சொல்லே தெளிவான விடை தருகிறது.

இனிக் கணக்கு. லிட்டருக்கு 0.20 மோல் செறிவுடைய செப்பு சல்பேட்டுக் கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டும். 0.20 × 0.250 = 0.0500 மோல். பள்ளி ஆய்வகத்தில் உள்ளது நீலப் படிகம் எனின் 0.0500 × 249.68 = 12.48 கிராம் நிறுக்க வேண்டும். மாணவர் ‘செப்பு சல்பேட்டு’ என்ற பெயரை மட்டும் நோக்கி, நீரை விட்டுவிட்டு 159.60 எனக் கொண்டால் 7.98 கிராமே நிறுப்பார். அதில் உள்ள செப்பு சல்பேட்டு 0.0320 மோல் மட்டுமே. கரைசலின் செறிவு 0.128 ஆகிவிடும். வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் குறைவு.

இவ்வுப்பு தேயிலைக்கு அயலானதும் அன்று. தேயிலையின் கொப்புள நோய் 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியபோது, அதனைத் தடுப்பதற்குச் செப்பு சேர்ந்த மருந்துகளே பெருந்துணையாயின. அவ்வகை மருந்துகளின் மூதாதை, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து ஆக்கும் போர்டோ கலவை. பிரெஞ்சு அறிஞர் மில்லார்டே அதனை 1885இல் வெளியிட்டார்.

ஒரு பெயர், இரண்டு மூட்டைகள்

தோட்டக் கிடங்கில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாகத் தோன்றும். தேயிலைக்குத் துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து வெளிறும். அதனை ஈடுசெய்வதற்குத் துத்தநாக சல்பேட்டை நீரில் கரைத்து இலைமீது தெளிப்பது தேயிலை நாடுகளில் நெடுநாளைய வழக்கம். இவ்வுப்பு சந்தையில் இரண்டு வடிவங்களில் விற்கப்படுகிறது. ஒன்றில் ஏழு நீர் மூலக்கூறுகள், மற்றதில் ஒன்று. மூட்டையின் மேல் பெரிய எழுத்தில் காணப்படும் பெயரோ இரண்டிலும் துத்தநாக சல்பேட்டுதான்.

மோலார் பொருண்மைகளைக் கணிப்போம். துத்தநாகம் 65.38, கந்தகம் 32.06, நான்கு ஆக்சிஜன் 64.00, கூட்டினால் 161.44. ஏழு நீர் சேர்ந்தால் 287.54 கிராம். ஒரு நீர் சேர்ந்தால் 179.45 கிராம். தூய நிலையில் முன்னதில் நூற்றுக்கு 22.7 பங்கு துத்தநாகம், பின்னதில் 36.4 பங்கு.

லிட்டருக்கு 0.10 மோல் செறிவுடைய கரைசல் 500 மில்லிலிட்டர் வேண்டுமாயின், 0.0500 மோல் தேவை. ஏழு நீருடைய உப்பாயின் 14.38 கிராம், ஒரு நீருடையதாயின் 8.97 கிராம். முன்னதற்குரிய 14.38 கிராமைப் பின்னதிலிருந்து நிறுத்துவிட்டால் செறிவு 0.160 ஆகும். வேண்டியதைவிட நூற்றுக்கு 60 பங்கு மிகுதி.

இதே விகிதம் தெளிப்பானிலும் தொடரும். முதுகில் சுமக்கும் 16 லிட்டர்த் தெளிப்பானுக்கு, ஏழு நீருடைய உப்பு லிட்டருக்கு 5 கிராம் வீதம் 80 கிராம் என ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். இது கணக்கிற்காக நாம் எடுத்துக்கொண்ட எண். உண்மையான அளவிற்கு மூட்டையின் குறிப்பையும் வேளாண் அலுவலரின் அறிவுரையையுமே பின்பற்ற வேண்டும். கிடங்கிற்கு அடுத்த முறை வந்த மூட்டையில் உள்ளது ஒரு நீருடைய உப்பு. அப்போது அதே துத்தநாகத்திற்கு 80 × 179.45 ÷ 287.54, அதாவது 50 கிராமே போதும். பழைய குறிப்பேட்டைப் பார்த்து 80 கிராம் இடுபவர் தம் கடமையைச் சரியாகச் செய்ததாகவே எண்ணுவார். இளங்கொழுந்து கருகிய பின்னரே ஐயம் எழும்.

பெயர் தெளிவின்றி இருக்கும்போது உதவும் வழி ஒன்று உண்டு. உர மூட்டைகளில் துத்தநாகத்தின் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். வேண்டிய துத்தநாகத்தின் பொருண்மையை முதலில் கண்டு, அவ்விழுக்காட்டால் வகுத்துவிடலாம். மேற்கண்ட 0.0500 மோலுக்கு வேண்டிய துத்தநாகம் 0.0500 × 65.38 = 3.27 கிராம். மூட்டையில் 21 விழுக்காடு எனக் குறித்திருந்தால் 3.27 ÷ 0.21 = 15.6 கிராம், 33 விழுக்காடு எனின் 9.9 கிராம். உரம் முற்றிலும் தூயதன்று என்பதும் இக்கணக்கில் தானே அடங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் திட்டக்கரைசல் ஆக்குவதற்கோ உர உப்பைப் பயன்படுத்தலாகாது. தூய்மை அறியப்பட்ட வேதிப்பொருளே வேண்டும்.

கரைசலை ஆக்கும் முறை

கணக்கு முடிந்தபின் கைவேலை தொடங்குகிறது. செறிவு துல்லியமாக அறியப்பட்ட கரைசலைத் திட்டக்கரைசல் என்கிறோம். மலாயில் ‘லாருத்தான் பியாவாய்’. அதனை ஆக்கும் வரிசை வருமாறு.

முதலில், கரைபொருளை ஒரு சிறு முகவையில் நிறுக்க வேண்டும். வெறும் முகவையின் பொருண்மையைச் சுழியாக்கிய பின்னரே பொருளை இட வேண்டும். இரண்டாவதாக, முகவையில் சிறிது காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கண்ணாடிக் கோலால் கலக்கி முற்றிலும் கரைக்க வேண்டும். மூன்றாவதாக, அக்கரைசலைப் புனல் வழியே அளவுக் குடுவையில் ஊற்ற வேண்டும். நான்காவதாக, முகவையையும் கோலையும் புனலையும் சிறிது சிறிதாக நீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, அந்நீரையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும். அலசிய நீரைக் கொட்டிவிட்டால் நிறுத்ததில் ஒரு பகுதி வீணாகிச் செறிவு குறையும்.

ஐந்தாவதாக, குடுவையின் கழுத்தில் உள்ள கோட்டிற்குச் சற்றுக் கீழ் வரை நீர் சேர்த்து, இறுதியில் துளித்துளியாக விட வேண்டும். திரவத்தின் பிறைவடிவப் பரப்பின் அடிப்பகுதி கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். கண் கோட்டின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். ஆறாவதாக, மூடியை இறுக்கிக் குடுவையைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். கோட்டைத் தாண்டி நீர் விட்டுவிட்டால், மிகுந்ததை உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய இயலாது. நீரோடு கரைபொருளும் வெளியேறிவிடும். மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இவ்வரிசையில் ‘ஒரு லிட்டர் நீர்’ என்னும் தொடர் எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்கலாம். எவ்வளவு நீர் சேர்த்தோம் என்பதை நாம் அளப்பதே இல்லை. கரைசல் எவ்வளவு ஆயிற்று என்பதையே குடுவையின் கோடு காட்டுகிறது.

மலையின் குளிரும் ஈரமும்

அளவுக் குடுவையின் மேல் 20 பாகை செல்சியசு எனப் பொறித்திருப்பது வழக்கம். அந்த வெப்பநிலையில்தான் கோடு வரையிலான கொள்ளளவு சரியாக இருக்கும். சூடேறினால் திரவம் விரியும். அதே மோல் எண்ணிக்கை சற்று மிகுந்த இடத்தில் பரவும். 20 பாகையில் லிட்டருக்கு 0.1000 மோலாக இருந்த நீர்த்த கரைசல், 30 பாகையில் ஏறத்தாழ 0.0997 ஆகும். சமவெளியில் குளிரூட்டி இல்லாத ஆய்வகம் ஒன்று இத்திருத்தத்தை எண்ணியாக வேண்டும். தானா ராத்தாவின் தட்பவெப்பம் 20 பாகையை ஒட்டியே இருப்பதால், இங்குள்ள வகுப்பறை இயற்கையாகவே குடுவைக்கு ஏற்றதாக அமைந்துள்ளது.

மலையின் மூடுபனியோ எதிர்மாறான பயன் தரும். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற பொருள்கள் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். திறந்து வைத்த குப்பியிலிருந்து 4.00 கிராம் நிறுத்தால், அதில் ஒரு பகுதி மலைக்காற்றின் நீராக இருக்கும். தராசு காட்டுவது உண்மை; அது முழுவதும் நாம் கருதிய பொருள் என்பதே பொய். ஆதலின் அத்தகைய பொருளைக் கொண்டு ஏறத்தாழச் செறிவுடைய கரைசலை ஆக்கி, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டு போன்ற, ஈரம் கொள்ளாத தூய பொருளுக்கு எதிராகத் தரம்பார்த்து உண்மையான செறிவை அறிவர்.

மொழிக்கு உரிய கடமை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், பொருண்மைக் கணக்கில் மொழி மூன்று இடங்களில் பொறுப்பேற்கிறது. ஆதலின் தமிழில் வேதியியல் எழுதுவோரும் கற்பிப்போரும் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, கரைபொருளின் பெயரை அதன் நீரோடு சேர்த்தே எழுதுதல். ‘ஏழு நீர்த் துத்தநாக சல்பேட்டு’, ‘ஒரு நீர்த் துத்தநாக சல்பேட்டு’, ‘நீரற்ற செப்பு சல்பேட்டு’ என்பன போன்ற பெயர்கள் நீண்டவையாகத் தோன்றலாம். அந்நீளம் ஒரு தெளிப்பானில் 30 கிராமைக் காக்கும்.

இரண்டாவது, கொள்ளளவைக் கூறுமிடத்தெல்லாம் அது கரைசலின் கொள்ளளவா, கரைப்பானின் கொள்ளளவா என்பதை வெளிப்படையாகச் சொல்லுதல். ‘ஒரு லிட்டர் கரைசல் ஆகுமாறு’ என்னும் தொடரை வேதியியல் ஆசிரியரும் மொழியாசிரியரும் ஒருசேரப் பழக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணை அலகின்றி எழுதாமை. 0.5 என்று மட்டும் எழுதிய குறிப்பு, லிட்டருக்கு 0.5 மோலா, 0.5 விழுக்காடா, 0.5 கிலோகிராமா என்று படிப்பவர் அறியார். எழுதியவர் அருகில் இல்லாதபோது அக்குறிப்பு அவர் சார்பில் விடை கூறாது.

இவ்வழக்கங்கள் தேர்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. தானா ராத்தா வழியே ஓடும் பெர்த்தாம் ஆறு, 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைச் சென்றடைகிறது. சரிவில் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட செப்பும் துத்தநாகமும் மழையோடு இறங்கிச் சேரும் இடம் அதுவே. பயிருக்குச் சிறிதளவில் உணவாகும் இவ்வுலோகங்கள், நீரில் சிறிது மிகுந்தாலும் மீன்களுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சாகும். கலக்குபவரின் கையும் மூச்சும் அவற்றிற்கு முன்பாகவே அக்கலவையைச் சந்திக்கின்றன.

கொழுந்து நிறுக்குமிடத்தில் தராசு காட்டும் எண்ணைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் தோட்டக் குடும்பங்களுக்குப் புதிதன்று. எடையில் எவ்வளவு கொழுந்து, எவ்வளவு நீர் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளனர். அக்குடும்பத்துப் பிள்ளை ஆய்வகத் தராசின் முன் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: இதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர்? தமிழில் அதனைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, மலாயிலும் ஆங்கிலத்திலும் அதனையே கேட்கும். எத்தனை கிராம் என்பதற்கு விடை காணும் இரண்டு பெருக்கல்களும் அக்கேள்விக்குப் பின்னரே தொடங்குகின்றன.